இன்கம்பேரபிள் குடும்பம்

"சிரிச்சான்லா? அத்தனை பேர் முன்னாடியும் பல்லைக் காட்டிச் சிரிச்சான்லா?"

மகளின் நிச்சயதார்த்தம் முடிந்து வீடு திரும்பியும் வானமாமலைக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மைக்கைப் பிடித்து, "எங்க குடும்பம் இன்-கம்பேர்-அபிள் குடும்பம்" என்று அவர் முழங்கியபோது, மாப்பிள்ளையின் தகப்பனார் சிவகுருநாதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மும்பை செம்பூரில் மூன்று தலைமுறையாக மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைப் பார்த்து, ஆபீஸில் உட்கார்ந்து சம்பளம் வாங்கி ஓய்வுபெற்றவர் சிரிப்பதா?

மாடி வீட்டு இங்கிலீஷ் டீச்சர் ஜான்சியை அழைத்து விசாரித்தார்.

"அது இன்-காம்-ப்ர-பிள், அண்ணாச்சி. அழுத்தம் 'காம்'ல விழணும்."

"தனியா இருக்கையில 'கம்பேர்'னுதான சொல்லுதீங்க?"

"முன்னாடி 'இன்', பின்னாடி 'ஏபிள்' ஒட்டினா மாறிரும்."

"வாசல்ல ரெண்டெழுத்து வந்து நின்னா, வீட்டுக்காரன் பேரை மாத்திக்கிடணுமோ? நல்லாருக்கு உங்க இங்கிலீஷு!"

"ஈடு இல்லாத குடும்பம்னு தமிழ்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?" என்றாள் மனைவி கோமதியம்மாள்.

"நீ சும்மா கெட!"

மறுநாள் கடையில் பருப்பு நிறுத்தபடியே அந்தச் சொல்லைத் துண்டு துண்டாகச் சொல்லிப் பழகினார். சரிபார்க்கச் சொல்லி, போனில் பேசிப் பதிவுசெய்து ஜான்சிக்கு அனுப்பினார். அது கைதவறி, இரண்டு குடும்பமும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. உடனே சிவகுருநாதனிடமிருந்து மூன்று சிரிப்புப் பொம்மைகள் வந்தன.

விடுவாரா? இன்னும் அழுத்தமாகத் திருத்திச் சொல்லி அனுப்பினார். இம்முறை ஆறு பொம்மைகள்.

மனைவியை இழுத்துக்கொண்டு, சம்பந்தி வீடு இருக்கும் வாஷிக்கு ரயிலேறினார். வழியெல்லாம் வசவுகளை அசை பிரித்து மனப்பாடம் செய்தார். கைகூப்பி எழுந்த சம்பந்தியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"இர்-ரி-ஸ்பான்-ஸி-பிள்! இன்-டீ-ஸன்ட்! இம்-ப-லைட்!"

பிறந்ததிலிருந்து இவ்வளவு பிசகில்லாமல் அவர் இங்கிலீஷ் பேசியதில்லை. சிவகுருநாதன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, அவர் தோளிலும் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியாட்டி? இந்த வீட்டுக்கு என் பொண்ணு வர மாட்டா. கெளம்பு!"

காபியோடு வந்த மாப்பிள்ளையின் தங்கை விஜயலட்சுமி பதறிப்போய் வாசலை மறித்தாள்.

"அரே, கோபப்படாதீங்க அங்கிள்! அப்பாவோட காது மெஷின் லோக்கல் டிரெயின்ல தொலைஞ்சு ஒரு மாசமாச்சு. காது கேக்கலைன்னு வெளிய தெரிஞ்சா குடும்ப கௌரவம் போயிருமாம், அதான் யார் வாயைத் திறந்தாலும் சிரிச்சு வைக்கிறாரு!"