டேப்பு காப்பாற்றிய வரைபடம்

அலமாரித் தட்டிலிருந்து உரித்தெடுக்கும்போதே அந்த வரைபடம் இரண்டாகக் கிழிந்துவிட்டது.

“ஐயையோ!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் தலைமைக் குமாஸ்தா. குடிநீர் ஆபீசில் அவருக்கு ‘டேப்பு’ என்று பெயர். கிழிந்த ஃபைல், உடைந்த மூக்குக்கண்ணாடி, ஆடுகிற நாற்காலி, எது கண்ணில் பட்டாலும் டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

கிழிந்தது லேசுப்பட்ட தாள் இல்லை. ஊருக்கு முதன்முதலாகக் குழாய் போட்டபோது கையால் வரைந்த படம். யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தட்டில் விரித்து, மேலே மை பாட்டில்களை அடுக்கிவிட்டுப் போயிருந்தான். அதிகாரியிடம் காட்டினால், “குப்பைதானே, எடுத்துட்டுப் போங்க” என்றார்.

ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தால், கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதி வைப்பார்களாம். அந்தப் பலகைதான் டேப்புவுக்கு வேண்டும். மனைவியின் அண்ணன் பூங்காவுக்கு ஒரு பெஞ்சு வாங்கிக் கொடுத்து, அதில் தன் பெயரையும் பொறித்துக்கொண்டவர். “மாப்ள, கரண்டு பில்லைத் தவிர உங்க பேரு வேற எங்கயாவது இருக்கா?” என்று நாலு பேர் முன்னால் அவர் கேட்டது நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் கிழிசலுக்கு டேப் போட்டார். ஒட்டிய இடம் சுருங்கிக்கொண்டது.

“இஸ்திரி போட்டா சரியாப் போயிடும்ங்க” என்றாள் மனைவி.

போட்டார். டேப் உருகி வழிந்தது. இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் அப்படியே மேற்குத் தெருக்களின் மேல் பழுப்பாகப் பதிந்தது.

“இப்ப இந்தக் கறையை என்ன பண்றது?”

“ஈரத்துணியால லேசாத் துடைங்க.”

லேசாகத்தான் துடைத்தார். ஆறும் அரை ஊரும் துணிக்கு வந்துவிட்டன.

“அடக் கடவுளே, பாதித் தெருவைக் காணோமே!”

“நமக்குத் தெரியாத தெருவா? பேனாவை எடுங்க.”

நீலப் பேனாவால் வரைந்தார். பார்க்கிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமென்று, அந்தக் காலத்தில் இல்லாத பஸ் ஸ்டாண்டையும் சேர்த்தார். மனைவி சொன்னதால் சொந்த வீட்டையும் சேர்த்தார். ஓரத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் செய்துவிட்டார். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது, ஆனால் கட்டெறும்பு பளபளவென்று இருந்தது.

காப்பகத்து அம்மா வெள்ளைக் கையுறையோடு வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதெல்லாம் நீங்களேவா பண்ணீங்க?”

“வீட்டுக்காரியும் கூட இருந்தாம்மா.”

“இது... இஸ்திரிப் பெட்டியா?”

“சூட்டைக் குறைச்சு வெச்சுத்தான் போட்டேன்.”

உள்ளே இருந்தவர்களையெல்லாம் அந்த அம்மா கூப்பிட்டார். சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். வயதான ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதைப் பார்த்து டேப்புவுக்கும் கலங்கியது.

“கண்டிப்பா வாங்கிக்கிறோம் சார். இந்த மாதிரி ஒண்ணு எங்ககிட்ட இல்லவே இல்ல. உங்க பேரோடயே வெக்கலாமா?”

“தாராளமா வைங்கம்மா!”

அடுத்த மாதம் மச்சானை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனார். தனி அறை. நடுவில் கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு, பக்கத்தில் பலகை. பலகையில் கொட்டை எழுத்தில் டேப்புவின் முழுப்பெயர். எதிரே வரிசையாக நாற்காலிகள்.

மச்சான் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“ஒத்துக்கறேன் மாப்ள. எம்பேரு மேல ஜனங்க உக்கார்றாங்க. உங்க பேரை நின்னு பாக்கறாங்க.”

இத்தனை வருஷத்து முள் அந்த நொடியே கழன்று விழுந்தது. மச்சான் வாசலில் இருந்த காவலாளியிடம் திரும்பி, “ஏம்ப்பா, இதைப் பாக்க நெறைய பேர் வருவாங்களா?” என்று கேட்டார்.

“வராம? புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு மொதல் பாடமே இங்கதான் சார். பழைய தாளை என்னென்ன பண்ணக் கூடாதுன்னு காட்ட, முன்னெல்லாம் தப்புக்கு ஒரு தாளா இந்த ரூம் பூரா வெச்சிருந்தாங்க. இது வந்ததும், இது ஒண்ணே போதும்னு மத்ததையெல்லாம் எடுத்துட்டாங்க.”