ஐந்நூற்று எழுபது குறைகள்

'மாதக் கடைசிக்குள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளப்படாத பைல்கள், பதிவில் உள்ள வீட்டு முகவரிக்கு அனுப்பிவைக்கப்படும்' என்ற வரியை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மூன்றாம் முறையாகப் படித்தார். எதிரே சோதனை நாற்காலியில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் பொறுமை இழந்தார்.

"சார், இந்தக் கண்ணைத் திறக்கலாமா?"

"கொஞ்சம் இருங்க. எனக்கே கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

கடிதம் சபையிலிருந்து வந்திருந்தது. பதினோரு வருஷம் ஞாயிறு தவறாமல் அவர் போய்க்கொண்டிருந்த சபை. அவராக ஒன்றும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஆள் குறுக்கே படுத்துக் கிடந்தால் வீட்டைப் பெருக்க முடியவில்லை என்று மனைவிதான் அனுப்பிவைத்தாள். போன வருஷம் முழங்கால் வலியைக் காரணம் காட்டி விலகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் ஆண்டவன் கொடுத்ததுதான் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

விலகியதில் சிக்கல் இல்லை. சிக்கல் பைலில் இருந்தது.

சபையில் ஒரு வழக்கம். வழிபாடு முடிந்ததும் ஒவ்வொருவரும் அந்த வாரம் தன்னிடம் கண்ட குறை ஒன்றைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது, உறுப்பினர் எண் மட்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, பதிவறை அம்மா எல்லாவற்றையும் டைப் அடித்து அந்தந்த எண்ணுக்குரிய பைலில் சேர்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

முதல் மூன்று மாதம் கடைக்காரர் சொந்தக் குறைகளைத்தான் எழுதினார். அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. தீர்ந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார் என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும். வெறும் சீட்டைப் போட்டால் தலைவர், "யாருக்கோ கர்வம் தலைக்கேறிடுச்சு" என்று அடுத்த வாரம் கூட்டத்தில் பேசுவார். ஒரு ஞாயிறு வேறு வழி தெரியாமல், காலையில் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நினைத்து, 'எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்தவர் தட்டில் கை வைக்கிறேன்' என்று எழுதிப் போட்டார்.

அது அவருடைய குறை அல்ல, மனைவியுடையது. ஆனால் எழுதி முடித்ததும் மனசு என்னவோ லேசாகிவிட்டது. அதிலிருந்து பத்தே முக்கால் வருஷம், மனைவியின் குறைகளைத் தன் குறைகளாக எழுதி அவர் லேசாகிக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்த ஐந்நூற்று எழுபது குறைகளும் ஒரே கட்டாக வீட்டுக்கு வரப்போகின்றன. வாங்கப்போவது மனைவி. வீட்டுக்கு வருகிற எந்தக் கவரையும் அவள் பிரிக்காமல் விட்டதில்லை. (இது நூற்றுப் பன்னிரண்டாவது குறை.) படித்தால் என்ன ஆகும்? இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் ஒரே நாளில் சந்தி சிரித்துவிடும்.

மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டுச் சபைக்கு ஓடினார்.

பதிவறை என்பது நீளமான ஒரு கூடம். கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், நாடா கட்டிய பைல்கள், நடுவில் மேஜை, மேஜைக்குப் பின்னால் பதிவறை அம்மா.

"என்னோட பைல் வேணும்மா. விலகிட்டேன்ல, கையோட வாங்கிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"எண் சொல்லுங்க."

"வாராவாரம் எழுதின எண்தான், ஒரு வருஷத்துல மறந்துபோச்சே. என் பேரு..."

"ஐயையோ, பேரைச் சொல்லாதீங்க!" அம்மா காதைப் பொத்திக்கொண்டார். "யார் பைல் எதுன்னு எனக்குத் தெரியவே கூடாது."

"பதினோரு வருஷமா என்னைப் பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

"உங்க முகம் தெரியும் சார். பைலுக்கு ஏது முகம்? சேரும்போது ஒரு அட்டை கொடுத்தோமே, அதுல எண் இருக்கும். கொண்டுவாங்க."

அட்டை மனைவியின் அலமாரியில் எங்கோ இருந்தது. மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, கடைக்காரர் அலமாரிக்குள் தலையை விட்டார். மடித்து வைத்த துணிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து அவர் தோளில் விழுந்தன. திரும்பினால், ஈரத் தலையோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன தேடுறீங்க?"

"சும்மாதான். அந்த... சபை அட்டை."

"அது எதுக்கு இப்ப?"

அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். "திரும்பப் போகலாமான்னு ஒரு யோசனை."

மனைவியின் முகம் பூரித்துவிட்டது. "நிஜமாவா? கடவுளே, இனிமே ஞாயித்துக்கிழமை வீடு வீடா இருக்கும்!" என்றவள், அவர் அரை மணி நேரமாகத் தேடிய அட்டையைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுப்பதுபோல இரண்டு நொடியில் எடுத்தாள். அவர் கையை நீட்டுவதற்குள் போனையும் எடுத்துவிட்டாள்.

"சபைங்களா? எங்க வீட்டுக்காரர் திரும்ப வர்றாருங்க... ஆமாங்க, மனசு மாறிட்டாரு... எண் இருநூத்திப் பதினாறு..."

போனை வைத்துவிட்டு, "ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க. நான் ஏதோ படிச்சுக் கையெழுத்துப் போடணுமாம்" என்றாள்.

கடைக்காரர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

பதிவறை அம்மா அவரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க வாங்க! உங்க வீட்டம்மா சொன்னாங்க. பைலை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"வீட்டுக்கு எதுக்கும்மா? இங்கயே கொடுங்க!"

"அது முடியாதே. திரும்பி வர்றவங்களோட குறைகளை வீட்டுல ஒருத்தர் முழுசாப் படிக்கணும். கடைசிப் பக்கத்துல 'மன்னித்தேன்'னு கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் சேர்ப்போம்."

"முழுசாவா?"

"ஒரு வரி விடாம. தலைவருக்கே அதுதானே சட்டம்! வருஷா வருஷம் அவர் வீட்டம்மா படிச்சு மன்னிச்சாத்தான் பதவி. அவரோட பைலும் இன்னைக்குத்தான் போகுது."

"அப்ப நான் திரும்பி வரலை. மனசு மாறிட்டேன்."

"மனசு மாறினதை நேர்ல கண்டேன்னு வீட்டம்மா எழுதிக் கொடுக்கணும்."

"கிழிச்சுப் போட்டுடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தாராளமாக் கிழிக்கலாம். ஆனா ரெண்டு பேர் முன்னால சத்தமாப் படிச்சுட்டுத்தான் கிழிக்கணும்."

கடைக்காரருக்குத் தலை சுற்றியது. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றவரின் பார்வை, தொழில் பழக்கத்தில், அம்மாவின் மூக்குக்கண்ணாடி மேல் போய் நின்றது. ஒரு பக்கத்துக் கால் நூலால் கட்டப்பட்டிருந்தது. லென்ஸ் முழுக்கக் கீறல்.

உடனே ஒரு யோசனை பளிச்சிட்டது. கண்ணாடி இல்லாமல் இத்தனை ஆயிரம் பைலில் இவர் எதைத் தேடுவார்? இரண்டு நாள் கிடைத்தால் போதும், வேறு ஏதாவது வழி பிறக்கும்.

"இதைப் போட்டுக்கிட்டு எப்படிம்மா வேலை பார்க்குறீங்க? கொடுங்க. புது லென்ஸ், புது பிரேம். என்னோட அன்பளிப்பு."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினெட்டு வருஷத்துல என் கண்ணைப் பத்தி யாரும் கேட்டதில்ல சார்" என்று கழற்றிக் கொடுத்தார். கடைக்காரர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு சீட்டியடித்தபடி கடைக்கு நடந்தார்.

அன்று அவர் லென்ஸை உரசிய நிதானத்தில் வேறு யாரும் உரசியிருக்க மாட்டார்கள். ஓரத்தைக் கொஞ்சம் தேய்ப்பார், பிரேமில் வைத்துப் பார்ப்பார், எடுத்துத் துடைப்பார், மறுபடி முதலிலிருந்து தேய்ப்பார். மூன்று மணிக்கு, நேற்று ஒரு கண்ணோடு திரும்பிப் போன வாடிக்கையாளர் மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மூக்கில் சோதனை பிரேமை மாட்டி முதல் லென்ஸைச் செருகும்போது போன் அடித்தது.

"ஏங்க, பைல் வந்துடுச்சு!" மனைவியின் குரல்.

"எப்படி வந்துச்சு? அந்தம்மாகிட்டக் கண்ணாடியே இல்லையே!"

"வேன் டிரைவர் கொண்டுவந்தாரு. 'பதினெட்டு வருஷமா தொட்ட அலமாரி, கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன்'னு சொன்னாங்களாம். நீங்க செஞ்ச உதவிக்கு உங்க பைலை முதல் வேலையா அனுப்பிட்டாங்களாம்."

"பிரிக்காதே! நான் வந்துடறேன்!"

"பிரிச்சுட்டேனே. ஆரம்பமே பிரமாதமா இருக்கு." போன் வைக்கப்பட்டது.

கடைக்காரர் பறந்தார். சோதனை பிரேமை மூக்கில் மாட்டியபடியே வாடிக்கையாளர் தெருமுனை வரை துரத்தி வந்து, "சார், இதையாவது கழட்டிட்டுப் போங்க!" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. வழியெல்லாம், மனைவியின் அக்கா வீட்டு முகவரியும், தனக்குத் தெரிந்த ஒரே சமையலான முட்டைப் பொரியலும் மாறி மாறி ஞாபகத்துக்கு வந்தன.

படியேறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே, சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதங்கள். மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அது சிரித்து வந்த நீரா, அழுது வந்த நீரா என்று அவருக்குப் புரியவில்லை.

"வந்துட்டீங்களா? உக்காருங்க. 'சண்டையில் தோற்கப்போகிறேன் என்று தெரிந்தால், தலைவலி என்று போய்ப் படுத்துக்கொள்கிறேன்.'"

கடைக்காரர் உட்காராமல் நின்றார். போன செவ்வாய்க்கிழமைகூட அவள் அப்படிப் படுத்திருந்தாள்.

"'சாவியை எங்கேயோ வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களைத் திருடர்களைப் போல விசாரிக்கிறேன்.'"

அதுவும் அவள்தான். சந்தேகமே இல்லை.

"'கோப்பையை உடைத்தால், துண்டுகளை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிடுகிறேன்.'"

இதை எப்போது எழுதினோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஐந்நூற்று எழுபதில் எதையென்று ஞாபகம் வைத்துக்கொள்வது?

"உங்களுக்கு எவ்வளவு தைரியம்!" என்றாள் மனைவி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவ்வளவையும் ஒத்துக்க எவ்வளவு தைரியம் வேணும்! ஒரு வரி விடாம, அப்படியே நீங்கதான்!"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நான் சொல்றது எதுவும் உங்க காதுல ஏறலைன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் கேட்டு, ஒண்ணொண்ணா எழுதி, ஆண்டவன்கிட்டயே ஒத்துக்கிட்டிருக்கீங்க. எந்தப் பொம்பளைக்குங்க இப்படி ஒரு மனுஷன் கிடைப்பான்?"

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் குறைகளைத் தானே படித்து, தானே சிரித்து, அத்தனையையும் அவர் தலையில் கட்டிவிட்டாளே! அவள் கடைசிப் பக்கத்தில் 'மன்னித்தேன்' என்று எழுதி, போதாது என்று பட்டதோ என்னவோ, 'முழு மனதோடு' என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னொண்ணு சொல்லணும். முழங்கால் வலியை வெச்சுக்கிட்டு நீங்க சபைக்கு ஒண்ணும் போக வேண்டாம். ஞாயித்துக்கிழமை நல்லாத் தூங்குங்க. நான் உங்களைச் சுத்திப் பெருக்கிக்கிறேன்."

இவள் மேல் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறோம் என்று அந்த நிமிஷம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது. இப்படிப்பட்டவளை ஏமாற்றிவிட்டுத் தூங்கினால் அது தூக்கமா? வந்தது வரட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இங்க பாரு, அந்தக் குறை எல்லாம் உண்மையில யாரோடதுன்னா..."

அழைப்பு மணி விடாமல் அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். சபையின் வேன் டிரைவர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, சார், ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க, பைல் மாறிப்போச்சு, உங்ககிட்ட இருக்கிறது எங்க தலைவரோடது, சாரோடதைத் திருப்பிக் கேட்டா, 'முப்பது வருஷத்துல இப்பத்தான் என் வீட்டுக்காரர் உண்மையை எழுதியிருக்காரு, உயிரே போனாலும் தர மாட்டேன்'னு தலைவர் வீட்டம்மா அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க!"