ஊடுருவல் தடுப்புப் பதிவேடு

குமரி மாவட்டத்தில் யாராலும் பிடிக்க முடியாத கோட்டை ஒன்று உண்டென்றால், அது கருங்கல் சந்தைக்குப் பின்னால், சுந்தர்சிங் வீட்டு முன்னறையில், பூப்போட்ட மேசைவிரிப்பின் மேல் இருக்கிறது. உதயகிரிக் கோட்டையைப் பற்றிப் பேச வராதீர்கள். அது கைமாறிய கோட்டை. சுந்தர்சிங்கின் கணினியோ வாங்கிய நாள் முதல் வேறு யார் பிடிக்கும் சிக்காதது.

சுந்தர்சிங் சாமானியர் அல்லர். மணவாளக்குறிச்சி மணல் ஆலை வாசலில் முப்பத்தொரு வருடம் காவல் மேற்பார்வையாளராக நின்றவர். உள்ளே போகிற டிபன் பாத்திரத்தையும் வெளியே வருகிற டிபன் பாத்திரத்தையும் ஒரே கண்ணால் பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம் அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போனது. கணினி வாங்கினார்.

வைரஸ், பென் டிரைவ் வழியாக வரும் என்று எங்கோ படித்தார். அன்றே கணினியில் காலியாக இருந்த நான்கு துளைகளையும் எம்-சீல் வைத்து அடைத்தார். மாடித் தொட்டியின் ஒழுக்கையே நிறுத்திய பசைக்கு வைரஸ் எம்மாத்திரம்? இணைய வயரைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். காலை பத்து முதல் பத்தரை வரை, அன்னாரின் நேரடி மேற்பார்வையில் மட்டும், வயர் மாட்டப்படும். 'புதுப்பிக்கவா?' என்று கணினி கெஞ்சும்போதெல்லாம் 'பிறகு நினைவூட்டு' என்று அழுத்தினார். மூன்று வருடமாக அது நினைவூட்டிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பச்சை அட்டை போட்ட 'ஊடுருவல் தடுப்புப் பதிவேடு' ஒன்று. வரிசை எண், தேதி, முயன்றவர் பெயர், எடுத்த நடவடிக்கை என்று அதில் நான்கு கட்டங்கள்.

இப்பேர்ப்பட்டவரை ஊர் சும்மா விடுமா? நகர் நல்வாழ்வுச் சங்கம் 'கணினிப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம்' போட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. ஹார்டுவேர் கடை பகவதியப்பன் எழுந்து ஓர் ஐயம் எழுப்பினார்.

"சாரே, அப்டேட் போடணும்ணு எனக்க மவன் சொல்லுகான். நீங்க வேண்டாம்ணு சொல்லுதியளே?"

"பகவதியப்பா, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் வந்து, 'உனக்க வீட்டுப் பூட்டு பழசாச்சு, நான் மாத்தித் தாறேன்'ணு சொன்னா கதவைத் திறப்பியா?"

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. அப்டேட்டுக்கு எதிரான தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பகவதியப்பன் கடையில் மறுநாளே எம்-சீல் தீர்ந்துபோயிற்று. அதன்பின் அவருக்கும் ஐயம் எதுவும் எழவில்லை.

கோட்டை என்றால் உள்ளே பொக்கிஷம் வேண்டுமல்லவா? இருந்தது. சாளை மீனின் உடம்பில் குடியிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பற்றி மகள் ஷைஜா ஐந்து வருடம் பாடுபட்டு எழுதிய ஆய்வேடு. 'லேப்டாப் ஊர்சுற்றிச் சாதனம், நம்பத் தகாதது' என்று அவளுடையதை விற்கவைத்து, எல்லாவற்றையும் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தவரும் சுந்தர்சிங்தான். வருகிற திங்கட்கிழமை நாகர்கோவில் கல்லூரியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

"அப்பா, ஒரு காப்பி எடுத்து வெளியில வைக்கணும். ஒரே ஒரு துளையைத் திறந்து தாங்க."

"ஏட்டி, உள்ள கேறுகவனுக்கு ஒரு துளை போதும்."

"அப்பம் மெயில்ல அனுப்புகேன். அஞ்சு நிமிசம் வயரைத் தாங்க."

"அந்த அஞ்சு நிமிசத்துல எவனாம் கேறினா ஆரு பொறுப்பு?"

"பின்ன நான் எப்படிப் பிரிண்ட் எடுக்க?"

"திங்களாழ்ச்ச காலையில ஆட்டோ பிடிச்சு, கம்ப்யூட்டரையே தூக்கி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோவோம். காவலுக்கு நானும் வாறேன்."

ஷைஜா எழுந்து போனாள். பதிவேட்டில் பேனா ஓடியது.

சனிக்கிழமை காலை பத்து மணி. வயர் மாட்டப்பட்டது. மின்னஞ்சலில் ஒன்று காத்திருந்தது: 'திருமண அழைப்பிதழ். குடும்பத்துடன் வருக.' அனுப்பியவர் பெயரை சுந்தர்சிங் ஜென்மத்தில் கேட்டதில்லை. இதைவிட அத்தாட்சி வேண்டுமா? தமக்குப் பெயர் தெரியாதவர் என்றால், தம் மனைவி ஞானபாயின் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

"இஞ்சேருங்க, ஆருக்க கல்யாணம்?" என்று ஞானபாய் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "ரசலையன் அண்ணன் வீடுதேடி வந்து விளிச்ச கல்யாணத்துக்கு, நீங்க அட்டையக்கூடப் பிரிச்சுப் பாக்கேல்ல. மூணு வருசமா அவிய நம்ம முற்றத்துல காலு சவுட்டேல்ல. இதையும் பாக்காம விட்டிராதிய!"

சுந்தர்சிங் அழைப்பிதழை அழுத்தினார். திரை சிவந்தது. 'ஆபத்து. திறக்க வேண்டாம்' என்றது வைரஸ் தடுப்பு மென்பொருள். அவர் முகமும் சிவந்தது.

"கல்யாணம் விளிக்க வந்தவனையா கள்ளன்ணு சொல்லுக?" என்று கணினியை அதட்டினார். ஒழுங்கு நடவடிக்கையாக, அந்த மென்பொருள் உடனடியாகத் 'தற்காலிகப் பணிநீக்கம்' செய்யப்பட்டது. 'அனுமதிக்கிறீர்களா?' என்று திரை கடைசியாக ஒருமுறை கேட்டது. சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லும் மரியாதையோடு 'ஆம்' என்று அழுத்தினார்.

மாப்பிள்ளை வரவில்லை, பெண்ணும் வரவில்லை. பத்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: 'உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டன. திறவுகோல் எங்களிடம் இருக்கிறது.' முதல் வரியைப் படித்தபோது சுந்தர்சிங்குக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இரண்டாவது வரியைப் படித்ததும் இடுப்பிலிருந்த பீரோ சாவியைத் தடவிப் பார்த்தார்.

ஷைஜா ஓடிவந்து ஆய்வேட்டைத் திறந்து பார்த்தாள். திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த படங்கள், குறிப்புகள், அட்டவணைகள், எதுவும் திறக்கவில்லை. ஐந்து வருடம் போயிற்று. அவள் அழவில்லை. அழுதிருந்தால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நாட்டின் தலைசிறந்த பாதுகாப்பு வல்லுநர் தொண்டையைச் செருமிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"மக்களே, இதுக்க காப்பி எங்கயாவது இருக்குமில்லியா?"

ஷைஜா பச்சை அட்டைப் பதிவேட்டை எடுத்து, விரித்து, அவர் மடியில் வைத்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று ஊடுருவல் முயற்சிகள். நாற்பத்து மூன்றும் வெற்றிகரமாக முறியடிக்கப்பட்டிருந்தன. 'முயன்றவர் பெயர்' கட்டத்தில், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்: ஷைஜா. அன்றைய தேதிக்கு மட்டும் பதிவு எதுவும் இல்லை.

"கள்ளன் ஒரு தடவைதான் கேட்டான், அப்பா" என்றாள் அவள்.