நிர்வாக நலன் கருதி

அன்பு மகனுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். என் கண் மட்டும் சுகமில்லை, அதை நீ அறிவாய். உன் சுகத்தையும், உன்னோடு குடித்தனம் நடத்தும் நாய் டாக்டரின் சுகத்தையும், அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளும் சகல ஜீவன்களின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். நீ நான்கு நாளாகப் போனை எடுக்காததால் காகிதத்தில் இறங்கிவிட்டேன். காகிதம் என்றால் நடுவில் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று துண்டிக்க முடியாது பார்.

முதலில் ஓர் உறுதிமொழி. இனி உன் கண்ணாடிக் கடை வாசலை மிதிக்க மாட்டேன். போன வியாழக்கிழமை நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் தரப்பையும் நீ கேட்க வேண்டும். கொலை செய்தவனுக்கே அந்த வசதி உண்டு.

நான் என்ன கண்டேன்? பவர் கூடிவிட்டது, எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது, பெற்ற பிள்ளையே கண் சோதிப்பவனாக இருக்கும்போது வேறு எவனிடம் போவது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் உன் கடைக்கு வந்தேன். முன் அறையில் நீ உட்காரும் இடத்தில் யாரோ ஒரு பெண். நீ எங்கே என்றால், பின்னால் லென்ஸ் தேய்க்கும் அறையில் என்கிறார்கள். படித்துப் பட்டம் வாங்கி எட்டு வருடம் கண் பார்த்தவன், மூக்கில் துணி கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் தூசியில் நிற்கிறாய். கேட்டால் "சும்மா ஒரு மாத்தல்தான்பா" என்கிறாய். கடையின் ஆண்டு விருந்துக்கு நாய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய், "இவர்தான் என் துணை" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்தாய், அடுத்த வாரமே மாற்றல் வந்தது என்ற விஷயத்தை உன் வாயிலிருந்து பிடுங்க எனக்கு ஒரு மாதமும் அம்மாவுக்கு ஒரே ஒரு முறைப்பும் தேவைப்பட்டன. நீ ஓர் ஆணோடு குடித்தனம் நடத்துகிறவன் என்று தெரிந்த பிறகு, கண் சோதிக்கும்போது உன் முகம் கிட்டே வந்தால் வாடிக்கையாளர்கள் சங்கடப்படுவார்களாம், மேலாளர் சொன்னாராம். என் முகத்துக்குக் கிட்டே அந்த முகம் முப்பத்து மூன்று வருடமாக வருகிறது. நான் ஒருநாளும் சங்கடப்பட்டதில்லை, காய்ச்சலில் என் மேல் வாந்தி எடுத்த அன்றைக்குக்கூட.

மாற்றல் உத்தரவை வாங்கிப் பார்த்தேன். 'நிர்வாக நலன் கருதி' என்று போட்டிருந்தது. அதை மடித்து உடனே உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. பணியாளர் பிரிவில் முப்பத்தோரு வருடம் தட்டச்சு செய்தவன் நான். ஒருவரைப் பிடிக்கவில்லை, காரணத்தையும் வெளியே சொல்ல முடியாது என்றால் நாங்கள் போடும் வரி அது. வரைபடப் பிரிவில் ஒருவர் இருந்தார், அருமையான கை. அவரும் இன்னொரு ஆணும் ஒரே வீட்டில் ஜோடியாக வாழ்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. அவரைக் கிடங்குக்குத் தள்ளினார்கள். அந்த உத்தரவை அடித்தவை என் விரல்கள்தான், கார்பன் வைத்து மூன்று நகல். இரண்டு மாதத்தில் வேலையை விட்டார். போகிற அன்று என் மேஜைக்கு வந்து, "ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல சார்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்த முட்டாள் நான். அப்போது சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று தெரியவில்லை.

இப்போது சட்டம் இருக்கிறது. ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதற்காகவோ, தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ எப்படி உணர்கிறார் என்பதற்காகவோ அவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, மூலையில் போடக் கூடாது. போட்டால் தொண்ணூறு நாளுக்குள் தொழிலாளர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சட்டத்தின் இருபத்திரண்டு பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "கோடு போடாத வரி எங்க இருக்குன்னு காட்டுங்க, அதை மட்டும் படிக்கிறேன்" என்றாள்.

அந்தக் கட்டோடுதான் வியாழக்கிழமை மேலாளர் அறைக்குள் நுழைந்தேன். நாற்காலியில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் கூரையைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். என்ன திமிர் என்று நினைத்து, மூன்றாம் பிரிவில் ஆரம்பித்து இருபது நிமிடம் வெளுத்து வாங்கினேன். மனிதர் எழுந்து நின்று கேட்டார். "நீங்க சொல்றது ரொம்ப நியாயம் சார்" என்றார். சட்டத்தின் மகிமையே மகிமை என்று பூரித்த பிறகுதான் அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது தெரிந்தது. ஏசி மெக்கானிக்காம். அசல் மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் நீ. உன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பவர் போதவில்லை, நல்லவேளை.

என்னை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து, "நான் வேற வேலை தேடிக்கறேன்பா. எனக்காக யாரும் சண்டை போட வேணாம். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றாய். நீ உள்ளே போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அந்த மெக்கானிக் படியிறங்கி ஓடி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "சார், அந்தச் சட்டம் எங்களை மாதிரி காண்ட்ராக்ட் ஆளுக்கும் செல்லுமா?" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "செல்லும், பதினோராம் பக்கம்" என்று கட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

உனக்கு மாற்றல் வந்து நாளையோடு தொண்ணூறு நாள் முடிகிறது. புகார் கொடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன். நாய் டாக்டரையும் இதில் இழுக்க மாட்டேன். அவர் உண்டு, அவர் ஊசி உண்டு. நான் பாட்டுக்கு என் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை வேறு யாரிடமாவது காட்டிக்கொள்வேன்.

நீங்கள் இருவரும் ஒருவர் சமைத்ததை மற்றவர் குறை சொல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே நான் சொன்ன நாற்காலி உன் கடையின் முன்வரிசை நாற்காலி. அரை மணி நேரமாக அதில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னை வண்டியில் கூட்டி வந்தது நாய் டாக்டர்தான். இன்றைக்கு எந்த நாய்க்கும் ஊசி கிடையாதாம்; பக்கத்தில் மாப்பிள்ளையாக லட்சணமாக உட்கார்ந்திருக்கிறார். மேலாளர் இரண்டு முறை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை, உறுதி செய்துகொண்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்து கொடுப்பவரை நீயே அடையாளம் கண்டிருப்பாய். அவரிடமும் ஒரு புகார் இருக்கிறது, தனியாகப் போய்க் கொடுக்கப் பயமாக இருக்கிறதாம். உன்னுடையதை நானே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கண் தெரியாமல் அடித்ததால் வரிக்கு ஒரு எழுத்துப்பிழை, நீதான் திருத்த வேண்டும். கண் சோதனைக்கு டோக்கனும் வாங்கியாயிற்று. யாரிடம் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள், உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் வா.