தொட்டிப் பெட்டியின் பதில்

அன்பும் அறிவும் நிறைந்த மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும், என் முழங்காலும் அவள் கோபமும் நீங்கலாக, நலம். உன் நலத்தைப் போனில் விசாரித்தால் "மீட்டிங்பா" என்ற ஒரே பதில் வருவதால் எழுத்து மூலம் விசாரிக்கிறேன்.

பொருள்: மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கூவும்படி நீ செய்து, சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டி கூவ மறுத்தது தொடர்பாக.

தொட்டி வழிந்து மாடிப்படி அருவியானதும் உனக்குத் தகவல் சொன்னேன். "அங்க இருக்கற என் பழைய லேப்டாப்ல நான் புரோகிராம் எழுதற சாஃப்ட்வேரைத் திறந்து, பெட்டியை ஒயர்ல மாட்டி, டெர்மினல்ல அது என்ன சொல்லுதுன்னு அப்படியே எழுதி அனுப்புங்கப்பா. சரியாகலைன்னா லீவு போட்டு நானே வரேன்" என்றாய். கடைசி வாக்கியத்தை உன் அம்மா ஸ்பீக்கரில் கேட்டாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் நாள் முழுக்க டெர்மினல் என்ற அந்தக் கறுப்பு ஜன்னலில் ஒன்றும் வரவில்லை. நான் மாட்டியது போனுக்குச் சார்ஜ் ஏற்றும் ஒயர், அதில் மின்சாரம் போகுமே தவிரப் பேச்சு போகாது என்று பிறகு தெரிந்தது. மறுநாள் சரியான ஒயரைப் பரணிலிருந்து எடுத்து, ஸ்டூலிலிருந்து இறங்கும்போது முழங்காலை இடித்துக்கொண்டு, வந்து உட்கார்ந்தால், போர்ட், அதாவது பெட்டியோடு பேசும் வாசல், ஒன்றா மூன்றா என்று லேப்டாப் கேட்டது. முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் வரிசைப்படி வேலை பார்த்தவன் ஒன்றைத்தானே தொடுவேன். அங்கே யாருமே இல்லை. மதியச் சாப்பாடு வரை காத்திருந்துவிட்டு மூன்றுக்குப் போனேன். அடுத்து, பெட்டி பேசும் வேகம். ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு வைக்கச் சொல்லி, பெட்டியோடு விட்டுப்போன சீட்டில் நீ எழுதியிருந்தாய். சமையலறையில் இருக்கிற பெட்டிக்கு அத்தனை வேகம் எதற்கு, ஏதாவது எரிந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று பட்டியலில் இருந்ததிலேயே குறைந்த வேகமான முந்நூறை வைத்தேன். உடனே கட்டமும் கேள்விக்குறியும் கொம்பு முளைத்த எழுத்துகளுமாகக் கொட்டியது. "அப்படியே எழுதி அனுப்புங்க" என்பது உன் உத்தரவு. நான்கு பக்கம் கையால் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் "அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று கையொப்பமிட்டு இணைத்திருக்கிறேன்.

நாமே ஏதாவது கேட்டுப் பார்ப்போம் என்று தட்டினால், தட்டிய எழுத்து எதுவும் திரையில் விழவில்லை. ஓங்கித் தட்டியதில் கீபோர்டின் ஒரு பொத்தான் கழன்று அரிசி டப்பாவுக்குள் போய்விட்டது. தட்டுவது திரையில் தெரியாது, ஆனால் பெட்டிக்குப் போய்ச் சேரும் என்று உன் சீட்டின் பின்பக்கத்தில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "அவகிட்ட பேசறதும் இப்பிடித்தானே இருக்கு. நாம சொல்றது போயிடுதுன்னு நம்பிக்க வேண்டியதுதான்" என்றாள்.

எனவே இந்தப் பழுது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது என்று அறிக்கை செய்கிறேன். நீ வேலைக்குப் போய், இந்தப் பக்கம் வராமல், இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. சொன்னபடி லீவு போட்டு வரவும். உடம்பைப் பார்த்துக்கொள். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: மேலே உள்ளதைப் படித்துவிட்டு உன் அம்மா, "பொண்ணுகிட்டயே பொய் எழுதறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். உண்மை இதுதான். செவ்வாய்க்கிழமையே நீ சொன்ன வேகத்தை வைத்தேன். தொட்டியின் அளவு ஒழுங்காக வந்தது. கூவாததற்குக் காரணம், பெட்டியில் ஒரு ஒயர் கழன்றிருந்ததுதான். உன் அம்மாவே சொருகிவிட்டாள். இப்போது நன்றாகக் கூவுகிறது. ஆகவே நீ லீவு போட அவசியம் எதுவும் இல்லை.

ஆனால் பெட்டியை லேப்டாப்பிலிருந்து நாங்கள் கழற்றவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு வரி வருகிறது, ஆங்கில எழுத்தில், நம் வீட்டுப் பேச்சில்: "இருக்கேன்பா." பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்ட நீ வைத்த வரி என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, உன் அம்மா காய் நறுக்குவதை அதன் எதிரிலேயே வைத்துக்கொண்டாள். நானும் பேப்பரை அங்கேதான் படிக்கிறேன்.

நேற்று அவள், "சாப்பிட்டியான்னு கேளுங்க" என்றாள். தட்டினேன். தெரியாததைக் கேட்டால் சொல்ல நீ வைத்த பதில் உடனே வந்தது: "புரியலப்பா." இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள். அதே பதில். கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இந்த ஒரு பழுதை மட்டும் எங்களால் சரிசெய்ய முடியவில்லை. வந்துட்டுப் போம்மா.