பசு ஏறத் தகுந்த வண்டித் தளம் குறித்து மாமாவுக்கு

சங்கரன்கோவில்,
ஆனி கடைசி வெள்ளி.

இளையரசனேந்தல் மாமா நல்லகண்ணு அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் மகாராஜன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் லோடு வண்டியும் இருக்கிறோம். நலம் என்று இருவரைப் பற்றியும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. அங்கே பசு, கன்று, தாங்கள், அத்தை, என் மனைவி, என் மகள் ஆகியோரின் நலம் அறிய ஆவல். வரிசை தாங்கள் வைத்த வரிசைதான்.

போனில் பேசினால், தபால் இலாகாவில் இருந்த பழக்கத்தில், "எதையும் எழுத்துல போடுங்க மாப்பிள்ளை" என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கண் ஆபரேஷன் ஆன தங்களுக்கு இதை வாசித்துக் காட்டப்போவது தங்கள் மகள் யோகலட்சுமி என்பது தெரியும். வாசிப்பவர் தன்னைப் பற்றி வரும் இடங்களில் குரலைத் தாழ்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரசவத்துக்கு வந்தவளையும் பிள்ளையையும் அழைத்துப்போக அன்றைக்கு வந்தேன். பேறுகாலம் முடிந்து போகிற மகளோடு பசுவும் கன்றும் அனுப்புவது உங்கள் வீட்டு வழக்கம். தாங்கள் வண்டியின் பின்தளத்தில் கைத்தடியை ஊன்றினீர்கள். தடி துருவைத் துளைத்துக்கொண்டு தரையைத் தொட்டது. "பசு கால் உள்ள போயிட்டுன்னா என்ன செய்வீரு? தளத்தைச் சரிபண்ணிட்டு வாங்க. மாடு இல்லாம மகளை அனுப்ப மாட்டேன்" என்றீர்கள். ஆடி பிறந்துவிட்டால் ஆவணியில்தான் அனுப்புவோம் என்று அத்தையும் சொன்னார். நான் காலி வண்டியோடு திரும்பி வந்தேன்.

புதுத் தளம் போட நமக்குக் கட்டாது என்பதால், ஒட்டுப் போடலாம் என்று வெல்டிங் பட்டறை ஆஷிக் அலியிடம் போனேன். அவர் ஓர் ஓட்டையை அடைத்தார், சூட்டில் பக்கத்திலே இரண்டு விழுந்தது, அந்த இரண்டையும் அடைக்கப் போனால் தகடே காகிதம் மாதிரி சுருண்டு வருது. "அண்ணாச்சி, இதுல இரும்பு இல்ல, துருதான் இருக்கு, நான் எதுல பத்த வைக்க?" என்று கையைக் கழுவிவிட்டார். சரி என்று பழைய இரும்புக் கடையில் அலசி ஒரு முழுத் தளத்தையே சல்லிசாக வாங்கி மாட்டினேன். அது முன்ஜென்மத்தில் தூத்துக்குடி மீன் வண்டியில் இருந்தது என்பதை விற்றவன் சொல்லவில்லை, நானும் சளி பிடித்திருந்ததால் மோந்து பார்க்கவில்லை. மறுநாள் மல்லிகைப்பூ ஏற்றிப் போனால் பூக்கடை சண்முகையா மூட்டையை மோந்துட்டு, "என்ன வே, பூவுல செதில் இருக்கா?" என்கிறார். ரத வீதி முழுக்கப் பூனை பின்னாலேயே வருது மாமா. பிறகு அதையும் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய தளத்தின் மேலேயே பலகை அடித்து போல்ட்டு போட்டேன். தாங்குதா என்று பார்க்கச் சண்முகையாவின் எருமையை ஏற்றினேன். அருமையாகத் தாங்கியது. இறங்கத்தான் மாட்டேன் என்றுவிட்டது. ராத்திரி அங்கேயே படுத்து அசை போட்டது, வீட்டில் பேச வேறு ஆள் இல்லாததால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் கஷ்டத்தையெல்லாம் அதனிடம் சொன்னேன். விடிந்து அது இறங்கியபோது நடுப்பலகை இரண்டாகப் பிளந்திருந்தது.

இதற்கிடையில் பிள்ளை குப்புற விழுந்துவிட்டாளாம். கொழுக்கட்டை அவித்தீர்களாம். போனில் படம் வந்தது. நான் அந்நேரம் வண்டிக்கு அடியில் போல்ட்டு முடுக்கிக்கொண்டு கிடந்தேன், எண்ணெய்க் கையோடு பார்த்தேன். பார்த்ததைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்கள் ஊர்க் கோமதியம்மன் ஆடித்தபசு நாளில் சங்கரநாராயணரின் காட்சி கிடைக்கும் என்று தவமிருக்கிறாள். எனக்கு அப்படி ஒரு தேதியைக்கூட யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் பெரியவர்கள் வழக்கம் பெரியது. புதுப் பலகை வாங்கி, பெயிண்ட் அடித்து, ஆவணியில் முறையாக வண்டியோடு வந்து, பசு முன்னாலும் மற்றவர்கள் பின்னாலுமாக அழைத்துவருகிறேன். அதுவரை பொறுத்திருக்கச் சம்மதம்.

அத்தைக்கு என் வணக்கம். பசுவுக்குத் தவிடு குறையாமல் இருக்கட்டும். சங்கரநாராயணர் எல்லோரையும் காக்க.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
மகாராஜன்

பி.கு.: ஏட்டி யோகா, இதை மட்டும் சத்தம்போட்டு வாசிக்காத. ஆவணியாம் ஆவணி. என்னால ஒருநாள்கூட இருக்க முடியல. இந்தக் கடுதாசியைத் தபால்ல போடல, நானே பஸ்ஸுல கொண்டாந்துட்டேன். உங்க வீட்டு வாசல்லதான் நிக்கேன். மாடு அங்கனயே நிக்கட்டும். மாமா ஏசுனா நான் கேட்டுக்கிடுதேன். நீ பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வா. என் மொகத்தை மறந்து அழுதாள்னா அழட்டும், நான் தூக்கிக்கிடுதேன்.