பீமன் கேரி தீவுக்குக் குடிபெயர்வது பற்றி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14 ஆகஸ்ட் 1934, செவ்வாய்க்கிழமை

கேரி தீவுத் தோட்டத்தில் கங்காணி அய்யாவு வீட்டு வாசலைக் காத்துவரும் மகா கனம் பொருந்திய அண்ணன் வீரனுக்கு, ரயில்வே குவாட்டர்ஸில் வசிக்கும் தம்பி பீமன் நான்கு காலையும் மடக்கி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் எஜமானர் வேலாயுதம் ஐயாவும் சுகம். உன் சுகத்தையும், காட்டுப்பன்றி கிழித்த உன் காது ஆறிவிட்டதா என்பதையும் அறிய ஆவல். ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நாம் பிறந்த அன்று நீ அரை மணி முந்திக்கொண்டாய். அதற்காகத்தான் இத்தனை மரியாதை. மற்றபடி நானும் சளைத்தவனல்ல. பெயர் பீமன், உயரம் பால் தூக்குவாளியை விடக் கொஞ்சம் குறைவு.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் வந்து சேர்கிறேன். விருந்துக்கு அல்ல, நிரந்தரமாக. ஏன் என்று கேட்பாய். ஆதியோடந்தமாகச் சொல்கிறேன்.

ஐயா இருபத்தேழு வருஷம் ரயிலில் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்று அவர் விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டினால்தான் வண்டி நகரும். அவர் வேலை அது. அவர் வரும்வரை வாசலில் காத்திருப்பது என் வேலை. ஐயாவின் வீட்டு அம்மா காலமான இந்த நாலு வருஷமாக அந்த வேலையை நான் ஒருவனே பார்த்துவந்தேன். போன பிப்ரவரியில் ஐயாவுக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், கொடியையும் விசிலையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அவர் வீட்டிலேயே இருந்தார். வீட்டிலேயே இருக்கிறவருக்காக எப்படி அண்ணா காத்திருப்பது? அவருக்குப் பென்ஷன் கொடுத்தார்கள். அதே நாளில் எனக்கும் வேலை போயிற்று, அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார், எட்டரை என்பார், திரும்ப வைப்பார். சரி, இந்த மனிதரை வெளியே இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு என்று சங்கிலியை நானே வாயில் கவ்விக்கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று ஒரு பழமொழி சொல்கிறார்களே, அதை உண்டாக்கியவன் ரிடையர் ஆன மனிதனைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஊரார் வேலாயுதம் நாயை உலாத்தக் கூட்டிப்போகிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். யார் யாரைக் கூட்டிப்போனது என்பது சங்கிலிக்குத் தெரியும். மேலும் என் கழுத்தில் சர்க்கார் கொடுத்த லைசன்ஸ் வில்லை இருக்கிறது, நம்பர் 412. ஐயாவின் உத்தியோக நம்பரைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். ஆகவே எங்கள் இருவரில் இன்றைக்குச் சர்க்கார் மனுஷன் நான்தான்.

போகிற இடத்தில் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஐயா கோயிலுக்குள் போனார். அவருடைய செருப்பை நான் ஒரு மணி நேரம் கண்ணிமைக்காமல் காத்தேன். எவனோ ஒரு தடியன் வந்து அதில் காலை விட்டான். நான் விடவில்லை. கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் ஐயா வேறு வாசல் வழியாக வந்து, தம் செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் காத்தது அந்தத் தடியனுடைய செருப்பையேதான். இன்னொரு நாள் பத்து ரோடு என்கிற கடைத்தெருவில் கௌஸ் ராவுத்தர் ஜவுளிக்கடைக்குப் போனோம். அவர் படியிறங்கி வந்து, "வேலாயுதம் அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அவரைக் கொஞ்சம் அந்தப் பக்கமா நிறுத்துங்க, நான் தொழப் போகணும்" என்றார். நானும் கௌரவமாக ஒதுங்கி நின்றேன். இந்தப் பட்டணத்திலேயே என்னை 'அவர்' என்று சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான். அங்கே ஐயா ஒரு துண்டு வாங்கினார். வெள்ளை வாங்கப் போனவர், பச்சையை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, கீழே வைக்க மனம் வராமல் அதையே வாங்கிக்கொண்டு வந்தார்.

வினை அந்தத் துண்டில்தான் இருந்தது. எங்கள் உலாத்தல் எந்தப் பக்கம் தொடங்கினாலும் எட்டரை மணிக் கிள்ளான் வண்டியிடம்தான் போய் முடியும். ஐயா பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டி நிற்கும் இடத்தில் போய் நின்றுகொள்வார். போன செவ்வாய்க்கிழமையும் நின்றார். எட்டரை ஆயிற்று. வண்டி நகரவில்லை. இப்போதைய கார்டு ரெங்கசாமி, ஐயாவிடம் தொழில் படித்தவன், காப்பிக்கடையில் பேச்சில் இருந்தான். எட்டு முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. ஐயா கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். அப்புறம் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தார், தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து உயர்த்தி வீசினார், வண்டி கூவிக்கொண்டு புறப்பட்டுவிட்டது. ரெங்கசாமி கையில் காப்பிக் கோப்பையோடு பின்னாலேயே ஓடுகிறான், பெட்டிக்குள் இருந்த ஜனங்கள் கத்துகிறார்கள், நானும் என் பங்குக்குக் குரைத்துக்கொண்டு ஓடினேன். பெட்டிக்குள் யாரோ அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்து, பிளாட்பாரத்தின் கோடியில் வண்டி நின்றது. அந்த அரை நிமிஷம் ஐயாவின் முகத்தை நான் பார்த்தேன் அண்ணா. ஆறு மாதமாக நான் தேடித் தேடிக் கூட்டிப்போனது அந்த முகத்துக்காகத்தான்.

ரெங்கசாமி திரும்பி வந்தான். சட்டை முழுக்கக் காப்பி. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அண்ணே, உங்க மேல எழுதிக் குடுக்க எனக்கு மனசு வரல. ஆனா இனிமே பிளாட்பாரம் பக்கம் வராதீங்க" என்றான். ஐயா, "வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டுடா" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கிலியை மூன்று நாள் மடியில் கொண்டுபோய்ப் போட்டேன், மூன்று நாளும் கீழே எடுத்து வைத்துவிட்டார்.

சேதி கிள்ளானுக்கு எட்டி, மகள் புஷ்பவல்லி ஓடி வந்தது. "அப்பா, மாசக் கடைசியில குவாட்டர்ஸையும் காலி பண்ணணும். எங்க கூட வந்து இருங்க. நாய் மட்டும் வேணாம்ப்பா, எங்க மாமியாருக்கு ஆகாது" என்று அழுதது. அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தமில்லை. போகும்போது எனக்கு ஒரு மீன் தலை வைத்துவிட்டுத்தான் போனது. ஐயா, "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார். கால் பக்கமாகவே பார்க்கிறார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் ஐயா என்னைக் கிள்ளானுக்குக் கொண்டுவருவார். கங்காணி அவர்கள் படகில் ஆற்றைக் கடந்து, ஸ்டேஷனுக்கு வந்து, என்னை அழைத்துப்போகட்டும். சாப்பாட்டில் நான் போட்டிக்கு வரமாட்டேன். எனக்கு இடி என்றால் பயம், அதை மட்டும் தோட்டத்து நாய்களிடம் சொல்லிவிடாதே. எனக்கு வருத்தமா என்று கேட்டால், வருத்தம்தான், மறைப்பானேன். மகள் வீட்டில் அவருக்கு வேளைக்குச் சோறு கிடைக்கும், படுக்கை கிடைக்கும். ஆனால் காலையில் அவரை எழுப்பி வெளியே இழுத்துப்போக அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

கங்காணி வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னஞ்சிறுசுகளுக்கு என் நக்கல் முத்தம், பூனைக்கு ஒன்றுமில்லை. எலும்பும் நிழலும் குறைவில்லாமல் நீ நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் தம்பி பீமன்
லைசன்ஸ் நம்பர் 412

பின்குறிப்பு: அய்யாவு, மேலே எழுதியது யார் என்று கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். பீமன் என் காலடியில் தூங்குகிறான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. என் நாயை வைத்துக்கொள்வாயா என்று உன்னிடம் கேட்டு ஒரே ஒரு வரி எழுத இரண்டு நாளாக உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவன் பேரில் எழுதினால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, பின்தெருவில் வாடகைக்கு வந்திருக்கும் அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். புஷ்பவல்லிக்கு இனிமேல்தான் எழுத வேண்டும், கோபித்துக்கொள்ளும், நான் சமாளித்துக்கொள்கிறேன். அறைக்காரர், "நீங்க தனி ஆள்தானே? நாய் கீய் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "ரூமே நாய்க்குத்தாங்க. நான் கூட இருந்துக்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டார்.

வேலாயுதம்